ஒரு வருஷம்... ஒரே ஒரு நம்பர்!

ராத்திரி பத்தரை மணிக்கு போன். எடுத்தால், நண்பன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"மூணு போட்டுட்டாருடா!"

"எது... நாமமா?"

"ஏறக்குறைய அதேதான்."

விஷயம் இதுதான். துரைப்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. கஸ்டமர்களிடமிருந்து வருகிற புகார்களைத் தீர்த்து வைப்பது அவனுடைய டீம். மார்ச் கடைசியில் அப்ரைஸல். ஐந்துக்கு எத்தனை என்று மார்க் போடுவார்கள். ஐந்து என்றால் 'ஆஹா'. நாலு என்றால் 'பேஷ்'. மூணு என்றால் 'பரவாயில்லை'. ரெண்டு என்றால் 'ஜாக்கிரதை'. ஒன்று என்றால் 'போய்ட்டு வாங்க'.

இவனுக்கு மூணு.

அந்த வருஷம் அவன் என்ன செய்தான் என்று எனக்கே தெரியும். கோவையில் ஒரு பெரிய கஸ்டமர், 'உங்க சங்காத்தமே வேண்டாம்' என்று கிளம்பத் தயாராக இருந்தார். மூணு வாரம் அங்கேயே லாட்ஜில் ரூம் போட்டுத் தங்கி, அவரை சமாதானப்படுத்திவிட்டு வந்தான். புதுசாகச் சேர்ந்த ரெண்டு பையன்களுக்கு அ, ஆவிலிருந்து வேலை கற்றுக் கொடுத்தான். ஆனால், ஃபாரத்தில் இருந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: 'ஒரு நாளைக்கு எத்தனை புகார் முடித்தாய்?' கோவையில் உட்கார்ந்திருந்த மூணு வாரத்தில் அவன் முடித்த புகார், சரியாக ஒன்று!

"மானேஜர் என்ன சொன்னார்?"

"'நீ நல்லாத்தான் பண்ணியிருக்கே, ஆனா...'ன்னார். அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் எதுவும் காதுல விழலை."

தமிழ்நாட்டில் மார்ச் மாதம் ரெண்டு பரீட்சை நடக்கிறது. ஒன்று பிளஸ் டூ. இன்னொன்று இது. பிளஸ் டூவிலாவது என்ன பாடம் என்று முன்கூட்டியே புத்தகம் கொடுத்துவிடுகிறார்கள். ஆபீஸ் பரீட்சையில் பாதிப் பேருக்குக் கேள்வித்தாள் கைக்கு வரும்போதுதான் பாடம் எது என்றே தெரிகிறது.

ஏன் இப்படி? இதை ஆரம்பித்தவர்கள் இப்படித்தான் நடக்கவேண்டும் என்று நினைத்தார்களா? கொஞ்சம் தோண்டிப் பார்த்ததில், நண்பனுக்கு விழுந்த மூணுக்குப் பின்னால் நாலு கோளாறுகள் தெரிந்தன.

கோளாறு ஒன்று: எழுதினது யாரு?

'கே.ஆர்.ஏ.' என்று ஒரு காகிதம் எல்லா ஆபீஸிலும் உண்டு. வருஷ ஆரம்பத்தில், 'நீ இதையெல்லாம் செய்து காட்டவேண்டும்' என்று எழுதித் தருகிற பட்டியல். நண்பனுடைய பட்டியலை யார் எழுதினார்கள்? போன வருஷத்து ஃபைலைத் திறந்து, தேதியை மட்டும் மாற்றி, பத்துப் பேருக்கும் ஒரே மாதிரி அனுப்பியிருந்தார்கள். இவனும் படிக்காமலேயே 'ஓகே' பட்டனைத் தட்டிவிட்டு காபி குடிக்கப் போய்விட்டான்.

இந்த 'இலக்கு வைத்து வேலை' என்கிற யோசனையைப் பிரபலமாக்கியவர் பீட்டர் டிரக்கர். 1954-ல் அவர் எழுதிய 'தி பிராக்டிஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்' என்ற புத்தகத்தில் வருகிறது. அவர் சொன்னது ரெண்டு விஷயம். ஒன்று, இலக்கு. இன்னொன்று, சுயக் கட்டுப்பாடு. அதாவது, வேலை செய்கிறவனே தன் இலக்கை எழுத வேண்டும். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்ற கணக்கும் முதலில் அவன் கைக்குத்தான் வர வேண்டும். மேலதிகாரி குச்சியை எடுத்து அடிப்பதற்கு அல்ல. அவனே தன்னைத் திருத்திக்கொள்வதற்கு.

அதே புத்தகத்தில் ஒரு அழகான வழக்கத்தைச் சொல்கிறார். ஒரு கம்பெனியில் வருஷத்துக்கு ரெண்டு தடவை ஒவ்வொரு மானேஜரும் தன் மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுவாராம். 'உங்கள் வேலை இது என்று நினைக்கிறேன். என் வேலை இது என்று நினைக்கிறேன். நீங்களும் கம்பெனியும் செய்வதில் எனக்கு உதவியாக இருப்பவை இவை. இடைஞ்சலாக இருப்பவை இவை.'

நம் கம்பெனிகள் என்ன செய்தன? டிரக்கரின் முதல் பாதியை எடுத்துக்கொண்டன. இரண்டாவது பாதியைக் காபி மெஷின் பக்கத்தில் மறந்து வைத்துவிட்டன.

கோளாறு ரெண்டு: எண்ணினதுதான் கிடைக்கும்

புகாரின் எண்ணிக்கைக்குத்தான் மார்க் என்றால் என்ன நடக்கும்? பக்கத்து சீட்டுக்காரர் ஒரு கெட்டிக்காரர். சுலபமான புகார்களாகப் பார்த்துப் பொறுக்குவார். சிக்கலானதை 'கஸ்டமர் பதில் சொல்லவில்லை' என்று மூடிவிடுவார். மறுநாள் அதே புகார் புது நம்பரில் வரும். அதையும் மூடுவார். ஒரு புகார், ரெண்டு கணக்கு! அவருக்கு நாலு மார்க்.

சிரிக்காதீர்கள். இதே விஷயம் பெரிய அளவில் நடந்து ஊர் சிரித்திருக்கிறது. அமெரிக்காவின் பெரிய பாங்குகளில் ஒன்று வெல்ஸ் ஃபார்கோ. ஒவ்வொரு கஸ்டமருக்கும் எட்டு விதமான கணக்கு, கார்டு, கடன் என்று விற்றாக வேண்டும் என்பது அங்கே தாரக மந்திரம். ஏன் எட்டு? இங்கிலீஷில் 'எய்ட்' என்றால் 'கிரேட்'டோடு எதுகை சேருகிறதே, அதற்காக! கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிற பையனும் பெண்ணும் என்ன செய்வார்கள்? வருகிறவர் ஒரு சேவிங்ஸ் கணக்கே போதும் என்கிறார். மானேஜரோ எட்டு எங்கே என்கிறார். கடைசியில் கஸ்டமருக்கே தெரியாமல் அவர் பெயரில் கணக்கு திறக்க ஆரம்பித்தார்கள்.

2016 செப்டம்பரில் குட்டு உடைந்தது. 18.5 கோடி டாலர் அபராதம். சுமார் 5,300 பேருக்கு வேலை போயிருந்தது. அப்படித் திறந்த கணக்குகள் 35 லட்சம் வரை இருக்கலாம் என்று மறு வருஷம் கணக்குச் சொன்னார்கள். 2020-ல் வழக்கை முடிக்க இன்னும் 300 கோடி டாலர் கட்டினார்கள்.

அந்த 5,300 பேரும் பிறவித் திருடர்கள் அல்ல. மாசக் கடைசியில் நம்பர் காட்ட வேண்டிய, நம்மைப் போன்ற சம்பளக்காரர்கள்தான் பெரும்பாலோர். டார்கெட்டைத் தப்பாக வைத்தால் நல்ல மனுஷனையும் அது கோணலாக வளைத்துவிடும்.

கோளாறு மூணு: சிவப்பு மணியும், மணிக் கோடும்

எட்வர்ட்ஸ் டெமிங் என்று ஒரு அமெரிக்கப் புள்ளியியல் நிபுணர். 1950-ல் ஜப்பானுக்குப் போய்த் தரம் என்றால் என்ன என்று பாடம் எடுத்தவர். ஜப்பான்காரர்கள் நன்றியோடு அவர் பெயரில் ஒரு பரிசே வைத்திருக்கிறார்கள். நம்ம பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998-ல் அந்தப் பரிசை வாங்கியது.

டெமிங் தன் வகுப்புகளில் ஒரு விளையாட்டு நடத்துவார். ஒரு பெட்டி நிறைய மணிகள். ஐந்தில் ஒன்று சிவப்பு, மீதி வெள்ளை. ஐம்பது குழி உள்ள ஒரு பலகையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். வெள்ளை மணி நல்ல சரக்கு. சிவப்பு மணி பழுது. கூட்டத்திலிருந்து ஆறு பேரைக் கூப்பிட்டு 'தொழிலாளி' ஆக்கிவிட்டு, டெமிங் ஃபோர்மேனாக நிற்பார்.

ஒருத்தர் பலகையில் ஆறு சிவப்பு வருகிறது. "சபாஷ், இவரைப் பாருங்கள்!" என்று பாராட்டு. இன்னொருத்தருக்குப் பதினைந்து வருகிறது. "கவனம் போதாது!" என்று எச்சரிக்கை. அடுத்த சுற்றில் பாராட்டு வாங்கியவருக்குப் பன்னிரண்டு வரும். "சம்பள உயர்வு கொடுத்ததும் மெத்தனம் வந்துவிட்டது பார்!" என்பார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். பெட்டிக்குள் இருக்கிற சிவப்பு மணிக்கு அந்தத் தொழிலாளி என்ன செய்வார், பாவம்?

சிரித்து முடித்ததும் எல்லோருக்கும் தங்கள் ஆபீஸ் ஞாபகம் வந்திருக்கும். நண்பனுக்கு வாய்த்த கஸ்டமர்கள் கோவைக்காரர் போல. பக்கத்து சீட்டுக்கு வாய்த்தவர்கள், 'பாஸ்வேர்ட் மறந்துட்டேன் சார்' ரகம். பெட்டி வேறு. மார்க் மட்டும் ஆளுக்கு.

இது போதாதென்று 'பெல் கர்வ்' வேறு. கோயில் மணியைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு கோடு. பத்துப் பேர் இருந்தால் ரெண்டு பேருக்கு மேல் மேலே போகக்கூடாது. ஒருத்தராவது கீழே இருந்தே ஆக வேண்டும். பத்துப் பேரும் பிரமாதமாக வேலை செய்திருந்தால்? அதெல்லாம் தெரியாது, கோடு கோடுதான்! ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியை 1981-லிருந்து 2001 வரை நடத்திய ஜாக் வெல்ச், முதல் 20 சதவிகிதம், நடு 70, கடைசி 10 என்று பிரித்து, கடைசிப் பத்தை வீட்டுக்கு அனுப்புவதில் பேர் போனவர். அவரைப் பார்த்துப் பல கம்பெனிகள் சூடு போட்டுக்கொண்டன.

மைக்ரோசாஃப்ட்டும் அதில் ஒன்று. அங்கே கெட்டிக்காரர்கள் ஒரே டீமில் சேர்ந்து உட்காரவே தயங்கினார்கள் என்று வேலை பார்த்தவர்களே சொன்னார்கள். வாஸ்தவம்தானே? எல்லோரும் முதல் ராங்க் பசங்களாக இருக்கிற வகுப்பில் யாருக்கு கடைசி ராங்க் வாங்க ஆசை? 2013 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்த முறையைத் தூக்கிக் கடாசியது.

நண்பனின் மானேஜர் விழுங்கிய அந்த 'ஆனா'வும் இதுதான். டீமில் ரெண்டு நாலு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. ஸ்டாக் இல்லை!

கோளாறு நாலு: அப்பாவின் சி.ஆர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். இன்னும் மூஞ்சி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அப்பா, மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"உனக்காவது மூணுன்னு சொன்னான். எனக்கு அதுவும் சொல்லலைடா."

அப்புறம்தான் முழுக் கதையும் வந்தது. அந்தக் காலத்தில் 'சி.ஆர்.' என்று ஒரு ரகசிய ரிப்போர்ட். அதிகாரி எழுதுவார், பீரோவுக்குள் போய்விடும். ரொம்ப மோசமாக எழுதியிருந்தால் மட்டும் ஒரு மெமோ வரும். அப்பாவுக்கு மெமோவே வந்ததில்லை. ஆனால், ஒரு பிரமோஷன் சமயத்தில் ஜூனியர்கள் ரெண்டு பேர் தாண்டிப் போனார்கள். ஏன் என்று கடைசி வரைக்கும் தெரியாது. "என்ன தப்பு பண்ணினேன்னு நானே தேடிப் பார்த்தேன். ராத்திரி தூக்கம் வராது" என்றார்.

இந்த மர்மத்துக்கு விடை 2008 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டில் கிடைத்தது. எல்லைச் சாலைப் பிரிவில் ஓர் எஞ்சினீயர். ஒரு வருஷம் அவருக்கு 'குட்' என்று எழுதியிருந்தார்கள். நல்ல வார்த்தைதானே? ஆனால், பிரமோஷனுக்கு 'வெரி குட்' தேவை. அந்த ஒற்றை 'குட்'டே அவரைக் கவிழ்த்துவிட்டது. 'குட்' என்பது குற்றச்சாட்டு இல்லையே என்பதால் அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை. கோர்ட் தெளிவாகச் சொன்னது: நல்லதோ கெட்டதோ, எழுதினது எதுவானாலும் அந்த ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும், அவர் மறுத்துச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். 2009-ல் மத்திய அரசு சி.ஆர்.-ஐ மாற்றி, முழுசாகக் காட்டியாக வேண்டிய புது ரிப்போர்ட் முறையைக் கொண்டுவந்தது. 2013-ல் மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்ச்சும் அதை உறுதி செய்தது.

அப்பாவுக்கு அது லேட். அவர் ரிடையர் ஆகியிருந்தார்.

யோசித்துப் பாருங்கள்... பீரோவில் பூட்டி வைத்த ரிப்போர்ட்டுக்கும், பதினோரு மாசம் வாயைத் திறக்காமல் மார்ச்சில் 'மூணு' என்று சொல்வதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? திருத்திக்கொள்ள நேரமே தராமல் மார்க் மட்டும் போடுவது ரெண்டிலும் உண்டு.

லாரி டிரைவர்கள் சொன்ன பதில்

அப்படியானால் டார்கெட்டே வேண்டாமா? அப்படியும் சொல்லிவிட முடியாது. இதற்கு ஒரு லாரிக் கதை இருக்கிறது. நிஜமாக நடந்தது.

அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலம். காட்டிலிருந்து மரக்கட்டை ஏற்றி வரும் லாரிகள். சட்டம் அனுமதிக்கிற எடையில் அறுபது சதவிகிதம்தான் ஏற்றி வந்தார்கள். கட்டை ஒன்று பருமன், ஒன்று ஒல்லி. அளவு தாண்டினால் அபராதம். எதற்கு வம்பு என்று கம்மியாகவே ஏற்றினார்கள். 'முடிஞ்ச அளவு நல்லா ஏத்துங்கப்பா' என்று சொல்லிப் பார்த்தும் பிரயோசனமில்லை.

ஆராய்ச்சியாளர்கள் வந்து ஒரே ஒரு நம்பர் சொன்னார்கள்: 94 சதவிகிதம். கூடவே, 'எட்டாவிட்டால் தண்டனை கிடையாது. எட்டினால் பணமும் கிடையாது, பாராட்டு மட்டும்தான்' என்றார்கள். முதல் மாசம் 80-க்கு ஏறியது. ரெண்டாவது மாசம் 70-க்கு விழுந்தது. ஏன் தெரியுமா? 'தண்டனை கிடையாதுன்னு சொன்னாங்களே, நிஜமான்னு பார்ப்போம்' என்று டிரைவர்கள் ஆழம் பார்த்தார்களாம்! கம்பெனி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. யாரையும் திட்டவில்லை. மூணாவது மாசம் 90-ஐத் தாண்டியது. அப்புறம் இறங்கவே இல்லை. ஒன்பது மாசத்தில் மிச்சம், இரண்டரை லட்சம் டாலர். 1975-ல் இது ஆராய்ச்சிக் கட்டுரையாக வந்தது.

ஆக, டார்கெட் வேலை செய்கிறது. எப்போது? தெளிவாக இருக்கும்போது. கஷ்டமானதாக, ஆனால் கைக்கு எட்டுவதாக இருக்கும்போது. எவ்வளவு ஏற்றினோம் என்று அன்றன்றைக்குத் தெரியும்போது. எல்லாவற்றுக்கும் மேலாக, தவறினால் தலையை வாங்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை இருக்கும்போது. அமெரிக்க லாரி டிரைவருக்குக் கிடைத்த அந்த நாலும் துரைப்பாக்கத்தில் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

சரி, நாம என்ன பண்றது?

கம்பெனியை மாற்ற நம்மால் முடியாது. பெல் கர்வ்வை நிமிர்த்தவும் முடியாது. ஆனால், நம் பங்குக்குச் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது.

கையெழுத்துக்கு முன் படியுங்கள். வீட்டு வாடகை ஒப்பந்தத்தை நாலு தடவை படிக்கிறோம். வருஷ இன்க்ரிமென்ட்டை நிர்ணயிக்கிற காகிதத்தை ஒரு தடவையாவது படிக்கலாம். ஒவ்வொரு வரிக்கும், 'இதில் என் கையில் இருப்பது எவ்வளவு?' என்று கேளுங்கள். அடுத்தவர் கையில் இருக்கிற இலக்கை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

எண்ணிக்கைக்குப் பக்கத்தில் தரத்தையும் எழுதச் சொல்லுங்கள். 'நாளைக்கு இருபது புகார்' என்றால், 'அதில் திரும்பி வந்தது எத்தனை?' என்ற வரியும் இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை தோறும் ஐந்து நிமிஷம், மூணு வரி. இந்த வாரம் என்ன செய்தோம், எது இழுத்தடிக்கிறது, யார் நன்றி சொன்னார்கள். மார்ச்சில் மானேஜருக்கு ஞாபகம் இருப்பது பிப்ரவரி மட்டும்தான். அவரையும் குறை சொல்ல முடியாது. ரெண்டு ராத்திரியில் பத்து ஃபாரம் நிரப்பியாக வேண்டும். அவருக்கும் மேலே ஒருத்தர் மூணு போட்டிருப்பார்!

வேலை மாறினால் இலக்கையும் அன்றைக்கே மாற்றுங்கள். கோவைக்குப் போகச் சொன்ன அன்றே, 'போகிறேன் சார், இந்த மூணு வாரக் கணக்கை எப்படி எடுத்துக்கொள்வோம்?' என்று ரெண்டு வரி மெயில். மரியாதையாகத்தான்.

நீங்களே டீம் லீடராக இருந்தால், ஒரே ஒரு விதி: மார்ச்சில் யாருக்கும் ஆச்சரியம் கொடுக்காதீர்கள். ஆச்சரியம் எல்லாம் பிறந்த நாளைக்குப் போதும்.

கடைசியாக...

அந்த ஏப்ரலில் நண்பன், டிரக்கர் சொன்ன கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு போனான். ஒரே பக்கம். 'உதவியாக இருப்பவை' என்று ரெண்டு. 'இடைஞ்சலாக இருப்பவை' என்று ரெண்டு. மானேஜர் படித்தார். ஒரு நிமிஷம் பேசவில்லை. "இந்த வெள்ளிக்கிழமை அஞ்சு மணி மீட்டிங் இவ்வளவு தொந்தரவா? எனக்கும் அது பிடிக்காதுய்யா!" என்றார். மீட்டிங் போயிற்று. புதுப் பையன்களுக்குக் கற்றுக்கொடுப்பதற்குப் பட்டியலில் ஒரு வரி வந்தது. மாசம் ஒருமுறை இருபது நிமிஷம் உட்கார்ந்து பேசுவதென்றும் முடிவாயிற்று.

இந்த மார்ச்சில் மறுபடி போன். இந்தத் தடவை சாயங்காலம் ஆறரை மணிக்கே.

"நாலா?"

"மூணுதான்."

"அடப்பாவமே!"

"அட, இருடா. நவம்பர்லயே சொல்லிட்டார். புது கஸ்டமர் வேலை ரெண்டு மாசம் இழுத்துடுச்சு, அது என் தப்புதான். எங்கே சறுக்கினேன்னு மூணு வரி எழுதியிருக்கார். பசங்களைத் தயார் பண்ணினதையும் எழுதியிருக்கார்."

பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. அந்த மூணு வரியைப் படித்துக் காட்டச் சொன்னார். இவன் படித்தான். ரெண்டாவது தடவையும் படிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அப்புறம் அவர் சொன்னது போனில் எனக்கே கேட்டது.

"காரணம் எழுதியிருக்கான் பார். மனுஷன்டா உன் மானேஜர்!"